மீதிப் புள்ளிகள்

ரௌமாவில் பிப்ரவரி. துறைமுகத்தில் கடல்
மேலே நடக்கலாம்போல் இறுகிக் கிடக்கிறது.
எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில்
பொதுச் சலவையறை மட்டும் வெதுவெதுப்பு.
புதன் இரவு ஏழுக்குமேல்
யாரும் துவைக்க வருவதில்லை;
மேசை போட்டு, பகடை உருட்டி,
இல்லாத ராஜ்ஜியம் ஒன்றை நடத்துகிறேன்.
பகலில் நடத்துவது நான்காம் எண் பேருந்து.

வாள்வீச்சு, ஒளிந்து நடத்தல், மலையேற்றம்:
புள்ளிகள் அரைமணியில் கரைந்துபோயின.
மிச்சம் ஆளுக்கு இரண்டு.
தாளின் கடைசியில் 'தொழில்' என்றொரு கட்டம்,
மின்கட்டண ரசீதில் யாரும் படிக்காத
பொடி எழுத்தைப் போல.
"அதையும் நிரப்புங்கள்," என்றேன்,
"டிராகனைக் கொல்லக் கிளம்புமுன்
இவர்கள் எதைச் செய்து சாப்பிட்டார்கள்?"

அப்போதுதான் மேசை அமைதியானது.

தைஸ்தோ கப்பல்தளத்தில் வெல்டர்.
கொல்லன் என்று எழுதுவான் என நினைத்தேன்.
எழுதியது தேனீ வளர்ப்பு.
"நெருப்பு எனக்குப் போதும்."
புறங்கையில் பொரிப்பொரியாய் வடு.

லாஸ்ஸேக்கு வரி அலுவலகம். அவன் மட்டும்
கொஞ்சமும் தயங்காமல் கணக்கன் என்றே போட்டான்:
"புதையலைப் பங்கு பிரிக்க ஆள் வேண்டாமா?
அங்கேயாவது என்னைக் கண்டதும்
சிரிப்பார்கள்."

மில்கா பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.
எழுபத்தொரு விண்ணப்பம், ஒரு பதிலும் இல்லை.
பாத்திரம் படைக்கச் சொன்னேன்;
பாத்திரம் வனைகிறவளைப் படைத்தாள்.
நேர்காணல் இல்லை, முன்அனுபவம் கேட்கவில்லை,
எழுதினாள், ஆகிவிட்டாள்.

ஹென்ரீகா தாளைக் கையால் மறைத்திருந்தாள்.
ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு,
பதினோரு வருடம்.
மருத்துவம் தெரிந்த ஒருத்தி இல்லாமல்
குகைக்குள் போவதா என்று
மூன்று பேரும் கெஞ்சினார்கள்.
இரண்டு புள்ளியையும்
ரொட்டி சுடுவதில் வைத்தாள்.
"நான் தொட்ட ஏதாவது ஒன்று
உப்பி எழட்டும்."

மூன்றாவது புதன்.
பாலம் இற்று விழுந்து, கீழே முளைக்கழிகள்.
தேன்காரனின் தொடையில் ஒன்று ஏறிவிட்டது.
தைஸ்தோ உருட்டினான். ஒன்று.
"ரத்தம் நிற்கவில்லை," என்றேன்,
"யார் என்ன செய்கிறீர்கள்?"

ஹென்ரீகாவின் இரு கைகளும் மேசைக்கடியில்
எதையோ அழுத்திக்கொண்டிருந்தன.
எங்கே, எவ்வளவு பலமாய், எத்தனை நிமிடம்,
எந்த முடிச்சு, எல்லாம் அவளுக்குத் தெரியும்.
தாளில் இருக்கிறவளுக்குத் தெரியாது.
விதியைக் கொஞ்சம் வளைக்கலாம் என்று
நான் வாயெடுத்தேன்.
வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

"அடுப்பு மூட்டுகிறேன்," என்றாள்.
"பையில் மாவு இருக்கிறது."
லாஸ்ஸே சிரிக்கத் தொடங்கி, நிறுத்தினான்.
மில்கா சொன்னாள்: "என் கிண்ணத்தில் பிசையுங்கள்."
உருண்டது பகடை; உலர்த்தி எந்திரத்தில் மோதி நின்றது.
இருபது முகத்தில் பத்தொன்பது,
ரொட்டிக்கு.

நான் என்ன சொல்ல? வாசனையைச் சொன்னேன்.
ஈரப் பாறையில் ஏறி, வௌவால்கள்வரை போய்த்
திரும்பி வந்த வாசனை.
தேன்காரன் தன் தேனிலேயே தொட்டு
ஒரு வாய் தின்றான்.
அடுத்த சுற்றில் இறந்தான்.

தைஸ்தோ தாளை நான்காய் மடித்தான்.
"நன்றாயிருந்தது," என்றான். ரொட்டியைத்தான்.
லாஸ்ஸே குறித்துக்கொண்டான்:
ஏழு வெள்ளி, ஒரு தேன்கூடு,
வாரிசு விவரம் கிடைக்கவில்லை.

ஹென்ரீகாவுக்கு இரவுப் பணி.
உலர்த்தியிலிருந்து கம்பளிக் காலுறையைச் சூட்டோடு எடுத்து
மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று,
"புது ஆள் செய்வானே, அவனை
மருத்துவம் எடுக்கச் சொல்லிவிடாதே," என்றாள்.
கதவு திறந்ததும் பனி கொஞ்சம் உள்ளே வந்தது.

தைஸ்தோ வேறொரு தாள் கேட்டான்.
பெயர் இல்லை, வாள் இல்லை, இன்னும் முகமும் இல்லை;
இந்தமுறை கடைசிக் கட்டத்திலிருந்து
மேல்நோக்கி நிரப்ப ஆரம்பித்தான்.
பாலத் தச்சன்.